மஞ்சள் தடவிய புத்தகம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்குக் காத்து ஆகாது. கோவில்பட்டிதான? நானும் அங்கதான். சாத்தூர்ல கூட்டம் ஏறும், அதுவரைக்கும் காலை நீட்டிக்கலாம்.

கையில புத்தகமா? படிங்க, படிங்க. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும். புத்தகம் படிக்கிற ஆளைப் பாத்துட்டா இதைக் குடுக்காம இருக்க முடியல எனக்கு. இந்தாங்க, புடிங்க. துட்டெல்லாம் வேண்டாம். 'மங்கல மலர்கள்'. கவிதை. என் வீட்டம்மா ராஜக்கனி எழுதினது. அட்டையைத் தடவிப் பாருங்க, எப்படி வழுவழுன்னு இருக்கு! பேரு தங்க எழுத்துல, வெளிச்சத்துல திருப்பினா மின்னும். அச்சுன்னா அது அச்சு. இருங்க, கண்ணாடியை மாட்டிக்கிறேன்... இங்க பொடி எழுத்துல இருக்கு பாருங்க, 'அச்சாக்கம் மேற்பார்வை: தனுஷ்கோடி'. நான்தான் அது. சிவகாசியில ஒரே அச்சாபீசுல ஆயுசு முழுக்க இருந்தவன். காலண்டர், கல்யாணக் கார்டு.

அந்த மூலையில இருக்கிறது கறை இல்ல தம்பி, மஞ்சள். மேலட்டையில வழுக்கிட்டுப் போயிருச்சுன்னு உள்ளட்டையில நாலு மூலைக்கும் தடவினோம். விசேஷத்துல குடுக்கிற பொருளாச்சே, வெறுங்காயிதமாக் குடுக்க முடியுமா?

எங்க அறுபதாங் கல்யாணத்துக்குப் போட்ட புத்தகம் அது. தாம்பூலப் பையில தேங்காய், வெத்தலை, பாக்கு, கூட இது. சிவகாசியில அதுவரைக்கும் யாரும் அப்படிச் செஞ்சதில்ல. எல்லாரும் எவர்சில்வர் கிண்ணம் குடுப்பாங்க. நான் பொண்டாட்டி எழுதின புத்தகத்தைக் குடுத்தேன். ஊர்ல எந்தப் புருசன் செய்வான், சொல்லுங்க. அவளுக்குத்தான் அது பிடிபடல. சாகற வரைக்கும் பிடிபடல.

ஆமா தம்பி, அவ இப்ப இல்ல. போன ஆனியில. நெஞ்சுவலின்னா, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

பத்தாவது வரைக்கும் படிச்சவ. எழுத ஆரம்பிச்சது மூத்தது போனதுக்கு அப்புறம். மூத்தது ஒண்ணு இருந்துச்சு எங்களுக்கு, பொம்பளப் பிள்ளை. ஆறு வயசுல காய்ச்சல்ல போயிருச்சு. அதைப் பத்தி நான் பேசறதில்ல. விடுங்க. அடுத்தது மகன், ஓசூர்ல இருக்கான், நல்லா இருக்கான்.

எதுல எழுதுவா தெரியுமா? அச்சாபீசுல காலண்டர் தாளை வெட்டினா ஓரத்துல மிச்சம் விழும். நல்ல காயிதம், ஆனா நீளமா ஒல்லியா இருக்கும், ஒண்ணுக்கும் ஆகாது. அதைக் கட்டிக் கொண்டாந்து போடுவேன், அடுப்புப் பத்த வைக்கட்டும்னு. அவ அதுல எழுதினா. காயிதம் ஒல்லியா இருந்தா எழுத்தும் ஒல்லியாத்தான வரும்? ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தை, மூணு வார்த்தை, அவ்வளவுதான் கொள்ளும். கவிதை அவளுக்கு வந்ததே நான் கொண்டாந்த காயிதத்தாலதான்னு சொல்லிச் சிரிப்பேன். அவ சிரிக்க மாட்டா.

பத்திரிகைக்கெல்லாம் அனுப்புவா. கவர் மேல விலாசம் நான்தான் எழுதிக் குடுப்பேன், என் எழுத்து முத்து முத்தா இருக்கும். திரும்பி வர்றதுக்குன்னு உள்ள ஒரு கவர் வைக்கணும், அதுலயும் எங்க விலாசத்தை நானே எழுதுவேன். எழுதினது வீண் போகாது, அத்தனையும் திரும்பி வரும். போஸ்ட்மேன் என் எழுத்தைப் பாத்துட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு நீங்களே லெட்டர் போட்டுக்கிறீங்களா?"ன்னு கேப்பான். அவ வாங்கி முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு உள்ள போயிருவா. பாவமாத்தான் இருக்கும். விட்டுத் தொலையேன் கழுதைய, எவன் கேட்டான் கவிதையைன்னு சொல்லியிருக்கேன்.

அப்புறம் ஒரு சின்னப் பத்திரிகையில ஒண்ணு வந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் கோவில்பட்டியில இருந்து அந்த டீச்சர் வந்தது. ஞானசெல்வின்னு பேரு. பள்ளிக்கூடத்துல வேலை, மாடியில ஒரு பதிப்பகம் நடத்துது. பதிப்பகம்னா பெருசா நினைச்சுக்காதீங்க, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரு பூரா விக்காத புத்தகம். நேரா எங்க அடுப்படிக்குப் போயி தரையில உக்காந்துருச்சு. ரெண்டு பேரும் மத்தியானம் பூராப் பேச்சு. நான் கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன், காதுல விழுந்துச்சு.

"அக்கா, கவிதை மட்டும் போதாது. பிள்ளை உங்க கூட இருந்த ஆறு வருஷத்தையும் நடந்தது நடந்தபடி எழுதுங்க. கவிதையையும் அதையும் சேத்து ஒரே புத்தகமாப் போடுவோம்."

"எனக்கு அப்படியெல்லாம் கோர்வையா எழுத வருமா டீச்சர்?"

"எங்கிட்டச் சொன்னீங்கள்ல, அதே மாதிரி எழுதுங்க. அவசரமே இல்ல. ரெண்டு வருஷம் ஆகட்டும்."

ரெண்டு வருஷமா? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. நான் எந்திரிச்சுப் போயி, "டீச்சர், ஊருக்கே நாள் கிழமை அடிச்சுக் குடுக்கிற ஆளு நான். இது ஒரு வாரத்து வேலை"ன்னேன். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? "ஐயா, அச்சடிக்கிறது வேற, புத்தகம் போடறது வேற." எங்கிட்ட! சிவகாசிக்காரன்கிட்ட! வீட்டுக்கு வந்த பொம்பளை, காப்பியைக் குடிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் ராஜக்கனி ஆளே மாறிப்போனா. சோறு பொங்கிக்கிட்டே எழுதறா, விளக்குமாத்தைப் போட்டுட்டு உக்காந்து எழுதறா. எழுதி எழுதி மரப்பெட்டிக்குள்ள போடறா. அதுல ஒரு சந்தோசம் வேற. தம்பி, மகன் பிறந்தப்போகூட அவ முகத்துல நான் அந்தக் களையைப் பாக்கல. எனக்கு அதைப் பாத்ததும் மனசுல பட்டுச்சு. ரெண்டு வருஷம் இவளை எதுக்குக் காக்க வைக்கணும்? மணிவிழா வருது. நாமளே போட்டுக் குடுத்துருவோம், மேடையில வச்சு. அவளுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும். நல்ல எண்ணந்தான? நீங்களே சொல்லுங்க.

பெட்டியைத் திறந்தேன். அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா. எடுத்து மேசையில பரப்பினேன். அங்கதான் வந்துச்சு சிக்கல்.

அச்சுத் தொழில்ல சில கட்டுப்பாடு உண்டு தம்பி. கல்யாணக் கார்டுல கறுப்பு மை படக் கூடாது. கருமாதிக் கார்டு ஓட்டின மிஷின்ல கல்யாணக் கார்டு ஏத்தணும்னா ரோலரைக் கழுவி, ஊதுபத்தி காட்டித்தான் ஏத்துவோம். கருமாதிக் கார்டை யாரும் வீட்டுக்குள்ள கொண்டு போக மாட்டாங்க. உங்க ஊர்லயும் அப்படித்தான? வாசல்லயே நின்னு படிச்சு, நாளையும் நேரத்தையும் மனசுல வாங்கிக்கிட்டு, கிழிச்சுப் போட்டுட்டு உள்ள போவாங்க. நான் அச்சாபீசுல அதைப் பிழை திருத்தினாக்கூட, திருத்தி ஆளுகிட்டச் சொல்லிட்டு உடனே கிழிச்சுருவேன். அத்தனை வருஷப் பழக்கம். கை தானாப் போயிரும்.

மழை, கிளி, முருங்கை மரம், மகனோட முதல் சம்பளம், இதெல்லாம் ஒரு பக்கம் வச்சேன். மத்ததெல்லாம் மூத்ததைப் பத்தி. கவிதையும் அதுதான், நடந்தது நடந்தபடின்னு எழுதினதும் அதுதான். அதை எப்படித் தம்பி தாலி கட்டற மேடையில குடுக்க? தாம்பூலப் பையில செத்த பிள்ளையை வச்சுக் குடுப்பாங்களா? ஒவ்வொண்ணா எடுத்தேன். படிச்சேன். படிச்ச கையோட கிழிச்சேன். வேணும்னு செய்யல. கை அது பாட்டுக்குப் போயிருச்சு.

அவ அரிசியோட உள்ள வந்தா. மேசையைப் பாத்தா, பெட்டியைப் பாத்தா.

"எங்கங்க மத்தது?"

"படிச்சுக் கிழிச்சுட்டேன். விசேஷ வீட்டுல அது எதுக்கு?"

கத்துவான்னு நினைச்சேன். கத்தியிருந்தா நானும் ரெண்டு கத்தியிருப்பேன், ராத்திரிக்குள்ள சரியாப் போயிருக்கும். அவ அரிசியை டின்னுல கொட்டினா. கொட்டிட்டு, "நல்லாப் படிச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் இலையைப் போட்டு ரசம் ஊத்தினா. உப்பு, புளி எல்லாம் சரியா இருந்துச்சு.

மேடையில எங்க அச்சாபீசு முதலாளிதான் வெளியிட்டாரு. அவளுக்கு எங்க கல்யாணத்துல கட்டின அதே அரக்குப் பட்டு, கழுத்து நிறைய மாலை. முதல் பிரதியை அவ கையில குடுத்தாரு. போட்டோ எடுக்கிறவன் "அம்மா, இங்க பாருங்க, சிரிங்க"ங்கான். அவ பாக்கல. புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாத் திருப்பறா. முதல்ல முதலாளி வாழ்த்துரை, அடுத்து சங்கத் தலைவர் வாழ்த்துரை, வக்கீல் வாழ்த்துரை, எங்க சம்பந்தி வாழ்த்துரை, நாங்க ரெண்டு பேரும் நிக்கிற கலர் போட்டோ, அப்புறம் மழை, கிளி. கடைசிப் பக்கம் வரைக்கும் திருப்பினா. அதுக்கும் பின்னால அட்டை. அந்த அட்டை மூலையில இருந்த மஞ்சளை நகத்தால சுரண்டிக்கிட்டே உக்காந்திருந்தா. ஐயர் ரெண்டு தடவை கூப்பிட்டாரு, கேக்கல. வீடியோவுல அப்படியே இருக்கு.

பாதிப் புத்தகம் நாற்காலிக்கு அடியிலயே கிடந்துச்சு தம்பி. தேங்காய் கனத்துல பை கிழிஞ்சு விழுந்திருக்கும். பந்தியில ஒருத்தன் விசிறிக்கிட்டிருந்தான். மிச்சத்தை வாரிக் கட்டிக் கொண்டாந்தேன். அதைத்தான் இப்படிப் பஸ்ஸுல பாக்கிறவங்களுக்குக் குடுத்துக்கிட்டு வர்றேன்.

அதோட அவ பேனாவைத் தொடல. நான் காயிதக்கட்டு கொண்டாந்து போட்டாலும் அடுப்புலதான் போட்டா. எனக்கு ரிட்டயர்மென்ட் ஆயிருச்சு, நாள் பூரா வீட்டுலதான் இருக்கேன், ஒரு வரி எழுதி நான் பாக்கல. எழுதேன்டின்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். "எழுதி?"ன்னு கேப்பா. அந்த ஒரு வார்த்தைக்கு மேல வராது. செவ்வாய்க்கிழமை ஆனா கோயிலுக்கு மட்டும் கிளம்புவா. நான்தான் வண்டியில கூட்டிட்டுப் போயி வாசல்ல இறக்கிவிடுவேன். அவ சாமி கும்பிட்டு வர்ற வரைக்கும் எதுத்தாப்புல டீக்கடையில உக்காந்திருப்பேன். கொஞ்சம் நேரம் ஆகும். ஆகட்டுமே, அம்மன்கிட்ட ஆயிரம் சொல்லுவான்னு இருந்துருவேன்.

சாத்தூர் வந்துருச்சு பாருங்க. வெள்ளரிப்பிஞ்சு வாங்கட்டுமா? ராஜக்கனிக்கு இந்த ஊரு பிஞ்சுன்னா உசுரு. இந்தாங்க, ஒண்ணு எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம், பல்லு ஆகாது. வாங்கிப் பழகிட்டேன், அவ்வளவுதான்.

என்ன சொல்லிக்கிட்டு வந்தேன்? ஆங், போன வாரம் போன் வந்துச்சு. கோவில்பட்டி டீச்சர். "ஐயா, அக்கா புத்தகம் தயாரா இருக்கு. குடும்பத்துல கையெழுத்து வேணும். உங்க மகன் போட்டு அனுப்பிட்டாரு, நீங்கதான் பாக்கி"ங்குது. எந்தப் புத்தகம்னேன். 'அடுத்த வருஷம்'னு பேராம். காலண்டருக்கு வைக்கிற பேரு, கவிதைப் புத்தகத்துக்கு வைக்கலாமா?

"அதெல்லாம் இல்லையேம்மா, நான் அன்னைக்கே கிழிச்சுட்டேனே"ன்னேன்.

அதுக்கு டீச்சர் சொல்லுச்சு. "தெரியும் ஐயா. அக்கா எல்லாத்தையும் முதல்ல இருந்து திரும்ப எழுதினாங்க. செவ்வாய்க்கிழமை தபால்ல போடுவாங்க, எனக்கு வியாழக்கிழமை வந்துரும். கடைசிக் கவர் வைகாசியில வந்துச்சு."

கோயிலுக்குப் பின்னாலதான் தம்பி தபாலாபீசு. நான் உக்காந்திருந்த டீக்கடையில இருந்து பாத்தா கோயில் வாசல் தெரியும், பின்வாசல் தெரியாது. அத்தனை வருஷமா கொண்டுபோய் விட்டவன் நான். எங்க உக்காந்து எழுதினா, எப்ப எழுதினா? ஒரே கூரைக்குள்ள இருந்தும் எனக்குத் தெரியல. கவர் மேல விலாசம் எழுத நான் இருந்தேன்ல? எங்கிட்டக் குடுத்திருந்தா முத்து முத்தா எழுதியிருப்பேன்ல? வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டா தம்பி. அதுதான் என்னால தாங்க முடியல.

கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. டீச்சர்கிட்டக் கேக்கத்தான் இப்பப் போறேன். நேருக்கு நேரா நாலு கேள்வி. இன்னைக்கு எனக்குச் சந்திராஷ்டமம், ஊருக்கே நாள் பாத்துச் சொல்றவன் நான், சந்திராஷ்டமத்துல படி இறங்க மாட்டேன். இருந்தாலும் கிளம்பிட்டேன். கேட்டுட்டு வந்துரணும். ஏம்மா, உள்ளதை எல்லாம் ஊருக்குச் சொல்லணுமா? அப்போ சீசன் நேரம், மார்கழி மாசம், நாடு பூராவும் காலண்டருக்குக் காத்துக் கிடக்கு. பிள்ளை கிடந்த ஆஸ்பத்திரியில இருந்து ஆள் மேல ஆள் வருது. 'இந்த லோடை ஏத்திட்டு வந்துர்றேன்'னு சொன்னேன். லோடை ஏத்தாம எப்படி வர? காய்ச்சல்தானன்னு நினைச்சேன். எந்தப் பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வரல? வெறுங்கையோடயா போனேன்? அதுக்குப் புதுக் காலண்டர்னா ஆசை, முதல் கட்டுல இருந்து ஒண்ணு உருவி எடுத்துக்கிட்டுத்தான் போனேன்.

அதைப் போயி எழுதி வச்சிருக்கா. எதுகை உண்டா, மோனை உண்டா? நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க இது கவிதையான்னு.

'காய்ச்சலில் கிடந்தவள் கேட்டாள்,
அடுத்த வருஷம் வந்துருச்சாம்மா?
அப்பா கொண்டு வருவார்
என்றேன்.
கொண்டு வந்தார்.
சுருட்டிய காலண்டர்
கக்கத்தில்.
அதில்
அவள் பிறந்தநாளும்
அச்சாகி இருந்தது.'

அதுக்கப்புறம் ஒரு வரி இருக்கு.

ஒரே ஒரு வரி. காயிதத்தோட அடியில, தனியா எழுதியிருந்தா. படிச்சேன் தம்பி, கண்ணால படிச்சேன், படிச்சுட்டுத்தான் கிழிச்சேன். அது மட்டும் வர மாட்டேங்குது. மத்தது எல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்கு, அந்த வரி இல்ல. அவகிட்டக் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வரும். கேட்டா என்ன நினைப்பாளோன்னு விட்டுருவேன். தர்ஷினி... மூத்ததுக்குத் தர்ஷினின்னு பேரு... அவளை அவ ஆத்தா என்ன சொல்லி முடிச்சிருந்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சு. என்னைத் திட்டித்தான் முடிச்சிருப்பான்னு ஒரு நேரம் தோணும். அப்படி இருக்காதுன்னு ஒரு நேரம் தோணும்.

அட, இதோ வந்துருச்சே கோவில்பட்டி. பையை எடுங்க, பாத்து.

தம்பி, உங்களுக்கு ஏதும் அவசர சோலியா? டீச்சர் வீடு பக்கந்தான், நடந்தே போயிரலாம். கூட வந்தா ஒரு உதவியா இருக்கும். நான் கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். சட்டைப் பையில இருக்கா? இது... இது தூரத்துக்குப் போடறது. பொடி எழுத்து தெரியாது.

கூட வாங்க. அந்த ஒரு வரியை மட்டும் நீங்க படிச்சு எங்காதுல சொல்லுங்க. நல்லதோ கெட்டதோ, அப்படியே சொல்லுங்க. சொல்லிட்டுக் காயிதத்தை டீச்சர்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க தம்பி. எங்கையில மட்டும் குடுத்துராதீங்க.